குடும்பக் காருக்கு அலுப்பான எஞ்சினே மேல்

1985-ல் சென்னையை அடுத்த வண்டலூரிலிருந்து ‘ஸ்டாண்டர்டு 2000’ வெளிவந்தபோது, அம்பாசிடரையும் பத்மினியையும் பார்த்துப் பார்த்துச் சலித்த கண்களுக்கு அது வேற்றுக் கிரகத்து வண்டியாகத் தெரிந்தது. பிரிட்டனின் ரோவர் எஸ்டி1 காரின் உடல் அது. நீண்ட மூக்கு, சரிந்த முதுகு, உள்ளே சொகுசு இருக்கைகள். பானெட்டைத் திறந்தால் மட்டும் கதை வேறு. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு இங்கிலாந்தில் வந்த ஸ்டாண்டர்டு வேன்கார்டு காரின் வழிவந்த 1991 சிசி எஞ்சினைத்தான் அதற்குள் பொருத்தியிருந்தார்கள். அந்த எஞ்சின் உழைக்கத் தெரிந்ததுதான். ஆனால் அந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு ஓடும் பலம் அதற்கு இல்லை. குடித்த பெட்ரோலுக்கு ஏற்ற ஓட்டமும் இல்லை. 1988 வாக்கில் உற்பத்தியே நின்றுபோனது. காரின் அழகும் அதன் எஞ்சினும் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டு மண்ணிலேயே கிடைத்த பாடம் அது.

இன்று நிலைமை தலைகீழ். இது மோசமான எஞ்சின் என்று கைகாட்டச் சந்தையில் ஒன்றுகூட இல்லை. வாங்குபவருக்கு அதுவே தலைவலி. ஹூண்டாய் வெர்னா ஒன்றிலேயே 115 குதிரைத்திறன் தரும் சாதாரண 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சினும் உண்டு, அதே அளவில் 160 குதிரைத்திறன் தரும் டர்போவும் உண்டு. ஃபோக்ஸ்வேகன் விர்ட்டஸ், ஸ்கோடா ஸ்லாவியா இரண்டிலும் 1.0 லிட்டர் மூன்று சிலிண்டர் டர்போ ஒன்று, 1.5 லிட்டர் நான்கு சிலிண்டர் டர்போ ஒன்று. ஹோண்டா சிட்டியில் சாதாரண 1.5 வேண்டுமா, ஹைப்ரிட் வேண்டுமா என்பார்கள். மாருதி டிசையரில் சிஎன்ஜி வேறு. ஷோரூமில் காபி கொடுத்து உட்கார வைக்கும் விற்பனைப் பிரதிநிதி பிக்கப்பில் ஆரம்பித்து மைலேஜில் முடிப்பார். ‘இது வழியில் நிற்காமல் ஓடுமா?’ என்று குடும்பத்தில் யாராவது ஒருவர்தான் கேட்பார். பெரும்பாலும் அது அம்மாவாக இருக்கும். அந்தக் கேள்விக்குத்தான் விளம்பரத் தாளில் பதில் இருப்பதில்லை.

பதில் சுருக்கமானது. ஆண்டுக்குப் பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் கி.மீ. மட்டும் ஓட்டும் குடும்பத்துக்கு டர்போ இல்லாத, பல ஆண்டுகளாகச் சந்தையில் புழங்கிய, சாதாரண பெட்ரோல் எஞ்சின் போதும். ஓட்டுவதற்கு அது கொஞ்சம் அலுப்பாக இருக்கும். ஒருவரும் அதைப் பற்றி நண்பர்களிடம் பெருமை பேசப் போவதில்லை. பத்தாண்டுகள் கழித்தும் அதைப் பற்றிப் பேச எதுவும் இருக்காது என்பதுதான் அதன் சிறப்பு.

இந்த முடிவுக்கு வர, குடும்பக் கார் எப்படி ஓடுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். காலையில் பள்ளிக்கு மூன்று கி.மீ., மாலையில் காய்கறிக் கடைக்கு இரண்டு கி.மீ., நடுவில் பகல் முழுக்க வீட்டு வாசலில் நிற்கிறது. எஞ்சினுக்கு நெடுஞ்சாலை எதிரி அல்ல. இந்தக் குட்டிப் பயணங்கள்தான் எதிரி. குளிர்ந்த எஞ்சின் கூடுதல் பெட்ரோலைக் கேட்கும். அதில் எரியாமல் மிஞ்சுவது பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழிறங்கி ஆயிலில் கலக்கும். கூடவே நீராவியும் படியும். எஞ்சின் நன்றாகச் சூடேறி கொஞ்ச நேரம் ஓடினால் இரண்டும் ஆவியாகிப் போய்விடும். சூடேறுவதற்குள் பள்ளி வாசல் வந்துவிட்டால், அவை ஆயிலிலேயே தங்கும்.

வாடகைக் கார் ஓட்டுநர்களின் அனுபவத்தைக் கேட்பது நல்ல பழக்கம்தான். 2010-ல் வந்து 2020-ல் விடைபெற்ற டொயோட்டா எட்டியோஸ் இன்னும் கால் டாக்சிகளாக ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் அதன் எஞ்சினுக்குச் சான்றிதழ் வேறு வேண்டாம். ஆனால் டாக்சியின் எஞ்சின் நாள் முழுக்கச் சூடாகவே இருக்கும். ‘டாக்சியில் மூன்று லட்சம் ஓடியிருக்கிறது, நம் வீட்டில் ஓடாதா?’ என்ற கணக்கு முழுக்கச் சரியல்ல. குடும்பக் காரின் ஐம்பதாயிரம் கி.மீ. சில வேளைகளில் டாக்சியின் ஒரு லட்சத்தைவிடக் கடுமையானது.

குட்டிப் பயணத்தின் தண்டனை டர்போவுக்குத்தான் அதிகம். புகைக் காற்றின் வேகத்தில் சுழலும் டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுகளைத் தாண்டும். அந்த வேகத்தில், அந்த வெப்பத்தில், அதைத் தாங்கிப் பிடிப்பது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. ஆயில் பழசானால், அதில் பெட்ரோல் கலந்தால், முதலில் அடிபடுவது அந்தத் தண்டுதான். ஹோண்டா போன்ற பெயரெடுத்த நிறுவனமே இதில் சறுக்கியிருக்கிறது. 2018-ல் சீனாவின் குளிர்ப் பகுதிகளில் அதன் 1.5 லிட்டர் டர்போ பொருத்திய சிஆர்-வி, சிவிக் கார்களில் ஆயில் அளவு குறைவதற்குப் பதில் கூடிக்கொண்டே போனது. கூடியது ஆயில் அல்ல, பெட்ரோல். சிஆர்-வி விற்பனையையே சில காலம் அங்கே நிறுத்த வேண்டி வந்தது. சென்னை வெயிலில் அந்த அளவுக்கு நேராது என்பது நம் அதிர்ஷ்டம். அதற்காக ஆயில் மாற்றாமல் இழுத்தடிக்க நம் வெயில் அனுமதி கொடுத்துவிடவில்லை.

இன்றைய டர்போ பெட்ரோல் எஞ்சின்களில் பல, பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சுகின்றன. சக்தியும் சிக்கனமும் கூடும். பழைய முறையில் பெட்ரோல் உள்ளே நுழையும் வழியில் வால்வுகளைக் கழுவிக்கொண்டே போகும். புதிய முறையில் அந்தக் கழுவல் கிடையாது. காலப்போக்கில் வால்வின் முதுகில் கரி படியும். வெர்னாவின் 1.5 எம்பிஐ எஞ்சின் இன்றும் பழைய முறையில் வேலை செய்கிறது. விளம்பரத்தில் இதை ஒரு குறை மாதிரி மறைத்துவைக்கிறார்கள். உண்மையில் குடும்பத்துக்கு இது ஒரு வரம்.

இதற்குள் ஒரு வாசகர் கேட்பார்: புதியது எல்லாம் கெட்டதா? இல்லை. புதியது நிரூபணம் ஆகக் காலம் எடுக்கும், அவ்வளவுதான். பிரெஞ்சு நிறுவனமான பிஎஸ்ஏவின் 1.2 லிட்டர் ப்யூர்டெக் எஞ்சின் 2015 முதல் 2018 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் தன் பிரிவில் உலகின் சிறந்த எஞ்சின் விருது வாங்கியது. அந்த எஞ்சினில் டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே நனைந்தபடி ஓடும். சத்தம் குறையும், உராய்வு குறையும் என்று பாராட்டினார்கள். ஆனால் பெட்ரோல் கலந்த ஆயிலில் ஊறிய ரப்பர் உதிர ஆரம்பித்தது. உதிர்ந்த துகள்கள் ஆயில் வரும் வழியை அடைத்தன. ஐரோப்பா முழுக்க உரிமையாளர்கள் கொந்தளித்த பிறகு, 2024-ல், பிஎஸ்ஏ இணைந்துவிட்ட ஸ்டெல்லாண்டிஸ் குழுமம் அதற்குப் பத்து ஆண்டு அல்லது 1.75 லட்சம் கி.மீ. வரை உத்தரவாதத்தை நீட்டித்தது. விருது கொடுத்த நடுவர்கள் பொய் சொல்லவில்லை. புத்தம் புது எஞ்சினை ஓட்டிப் பார்த்து எட்டாவது ஆண்டில் என்ன ஆகும் என்று எந்த நடுவராலும் சொல்ல முடியாது.

அமெரிக்காவில் ஹூண்டாய் சொனாட்டாவின் கதை இன்னும் நேரடியானது. அது நடுத்தரக் குடும்பங்கள் வாங்கிய செடான். 2011, 2012 மாடல்களில் வந்த தீட்டா-2 எஞ்சினில், கிராங்க் ஷாஃப்டைக் கடைந்தபோது மிஞ்சிய உலோகத் துணுக்குகள் ஆயில் துளைகளில் தங்கிவிட்டன. பேரிங் தேய்ந்து, சில கார்கள் நெடுஞ்சாலையில் ஓடும்போதே அணைந்தன. 2015 செப்டம்பரில் சுமார் 4.7 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தார்கள். 2017-ல் ஹூண்டாயும் கியாவுமாகச் சேர்ந்து மேலும் பத்து லட்சத்துக்கு அதிகமான கார்கள். விவகாரத்தை வெளியே கொண்டுவந்த ஹூண்டாய் பொறியாளருக்கு 2021-ல் அமெரிக்க அரசு 2.4 கோடி டாலருக்கும் அதிகமாக வெகுமதி கொடுத்தது. கவனிக்க வேண்டியது ஆண்டுக் கணக்கை. கார் விற்பனைக்கு வந்ததற்கும் முதல் பெரிய திரும்ப அழைப்புக்கும் இடையே நான்கைந்து ஆண்டுகள் ஓடிவிட்டன. ஒரு புதிய எஞ்சினின் முதல் ஆண்டு மாடலை வாங்குபவர், தெரிந்தோ தெரியாமலோ, நிறுவனத்தின் சோதனை ஓட்டத்தில் சொந்தக் காசில் பங்கெடுக்கிறார். அதற்குச் சம்பளமும் கிடையாது.

எஞ்சினை மட்டும் பார்த்து கியர் பாக்ஸை மறப்பது இன்னொரு பொதுவான தவறு. சமையலறையில் மிக்ஸி மோட்டார் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஜாரின் அடியில் இருக்கும் கப்ளர் தேய்ந்தால் சட்னி அரையாது. சென்னை கத்திப்பாரா சந்திப்பின் நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போகும் காரில், எஞ்சினைவிட கியர் பாக்ஸ்தான் அதிகம் அவதிப்படுகிறது. அதிலும் உலர் கிளட்ச் கொண்ட டூயல் கிளட்ச் வகைக்கு இந்த ஊர்தல் ஆகவே ஆகாது. 2013 நவம்பரில் ஃபோக்ஸ்வேகன் உலகெங்கும் 16 லட்சம் கார்களை, டிஎஸ்ஜி என்ற தன் ஏழு கியர் டூயல் கிளட்ச் பெட்டிக்காகத் திரும்ப அழைத்தது. வெப்பமும் ஈரமும் சேர்ந்த நாடுகளில், நின்று நின்று போகும் நெரிசலில், பெட்டிக்குள் இருந்த செயற்கை ஆயில் மின்கோளாறுக்கு வழிவகுத்தது என்பதுதான் காரணம். வெப்பம், ஈரம், நெரிசல் என்றால் சென்னையை விட்டால் வேறு எந்த ஊரைச் சொல்வது? அதற்குப் பிறகு அந்தப் பெட்டி எவ்வளவோ திருந்திவிட்டது, உண்மை. ஆனாலும் ஆட்டோமேட்டிக் வேண்டும் என்பவருக்கு டார்க் கன்வர்ட்டர் அல்லது சிவிடி நிம்மதி. விர்ட்டஸ், ஸ்லாவியா பிடித்துப்போனவர்கள் 1.0 டர்போவுடன் வரும் டார்க் கன்வர்ட்டரைத் தேர்ந்தெடுத்தால் பாதிக் கவலை குறையும்.

டீசலைப் பற்றி இன்னும் ஏக்கத்தோடு பேசுபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஏங்குவது நியாயம்தான். ஃபியட் உருவாக்கிய 1248 சிசி மல்டிஜெட் எஞ்சின், மாருதியின் ஸ்விஃப்ட், டிசையர், எஸ்எக்ஸ்4, சியாஸ், டாடாவின் மான்சா, ஃபியட்டின் சொந்த லீனியா என்று இத்தனை வண்டிகளில் ஓடியது. இந்தியாவின் தேசிய எஞ்சின் என்று அதற்குப் பட்டமே உண்டு. 2012-ல் டெல்லியில் பெட்ரோல் லிட்டர் 73 ரூபாய் வரை போனபோது டீசல் 41 ரூபாய்தான். அந்த 32 ரூபாய் வித்தியாசம்தான் டீசல் கார் விற்பனையை உச்சத்துக்குக் கொண்டுபோனது. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கியது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்தது. மல்டிஜெட்டை அந்த விதிக்கு மாற்றும் செலவு கட்டுப்படியாகாது என்று கைவிட்டார்கள். 2023-ல் சிட்டியிலும் வெர்னாவிலும் டீசல் நின்றது. நடுத்தர விலை செடானில் இன்று புது டீசல் கார் கிடையாது.

பழைய பிஎஸ்-6 டீசல் செடானை செகண்ட் ஹேண்டில் வாங்க நினைப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. அதில் புகைக் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி உண்டு. நெடுஞ்சாலை வேகத்தில் சூடேறினால்தான் அது கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். தினமும் மூன்று கி.மீ. ஓட்டினால் அடைத்துக்கொள்ளும். மாற்றும் செலவைக் கேட்டால் மிச்சப்படுத்திய டீசல் காசெல்லாம் கரைந்துபோகும்.

எஞ்சின் அளவைத் தீர்மானிப்பது பொறியாளர்கள் என்று நினைக்கிறோம். பாதி நேரம் தீர்மானிப்பது நிதி அமைச்சகம். 2006 பட்ஜெட்டில் நான்கு மீட்டருக்குள் நீளமும் 1200 சிசிக்குள் பெட்ரோல் எஞ்சினும் கொண்ட கார்களுக்கு வரிச்சலுகை வந்தது. அதன் விளைவாகத்தான் 2012-ல் டிசையரின் டிக்கி வெட்டுப்பட்டது. டிசையரும் ஹூண்டாய் ஆராவும் 1197 சிசி, ஹோண்டா அமேஸ் 1199 சிசி என்று எல்லாம் வரம்பின் வாசலில் வந்து நின்றன. 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி மாறிய பின் இந்தச் சிறிய கார்களுக்கு 18 சதவீதம், பெரியவற்றுக்கு 40 சதவீதம். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் சாலை வரியும் விலைக்கேற்ப ஏறுகிறது: ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரை 13 சதவீதம், இருபது லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. ஆக 1.2 லிட்டருக்கும் 1.5 லிட்டருக்கும் இடையே உள்ள விலை இடைவெளியில் பெரும்பகுதி இரும்புக்கும் அலுமினியத்துக்கும் போவதில்லை.

அதனால் 1.2 லிட்டரை ஏளனமாகப் பார்க்க வேண்டியதில்லை. டிசையரின் எடை ஒரு டன்னுக்கும் கீழே. அந்த உடம்புக்கு 82 குதிரைத்திறன் போதும். 2024-ல் அது நான்கு சிலிண்டரிலிருந்து மூன்று சிலிண்டருக்கு மாறியது. நின்றிருக்கும்போது அதிர்வு கொஞ்சம் தெரியும், மைலேஜ் கணக்கு லிட்டருக்கு 24.79 கி.மீ. என்று ஏறியது. டர்போ இல்லாத எளிய அமைப்பு என்பதால் பயம் குறைவு. ஆனாலும் சொனாட்டா கதையில் சொன்ன நான்கைந்து ஆண்டுக் கணக்கு இந்தப் புது எஞ்சினுக்கும் பொருந்தும். பொறுமை இல்லாதவர்களுக்கு அமேஸ், ஆரா இரண்டிலும் நான்கு சிலிண்டர் இன்னும் இருக்கிறது. ஐந்து பேர், நிறைய மூட்டை, மாதம் ஒருமுறை கொடைக்கானல் என்று வாழும் குடும்பம் மட்டும் 1.5-க்குப் போகலாம்.

ஹைப்ரிட் என்றால் சிக்கல் அதிகம், சீக்கிரம் பழுதாகும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆச்சரியமாக, சில ஹைப்ரிட்கள்தான் மிகக் குறைவாகப் பழுதாகின்றன. டொயோட்டா கேம்ரி ஹைப்ரிட் ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் டாக்சியாகவே உழைத்தது. சிட்டி ஹைப்ரிட்டில் வழக்கமான கியர் பாக்ஸே இல்லை. பெரும்பாலான நேரம் எஞ்சின் மின்சாரம் தயாரிக்க, மோட்டார் சக்கரத்தைச் சுழற்றுகிறது. தேயும் பாகங்கள் குறைவு. ஆனால் எந்த ஹைப்ரிட் என்று பார்க்க வேண்டும். இலங்கையில் நிறையப் பேருக்குப் பழக்கமான ஹோண்டா கிரேஸ், சிட்டியின் ஜப்பானிய உடன்பிறப்பு. அதில் இருந்தது டூயல் கிளட்ச் கொண்ட பழைய ஹைப்ரிட் அமைப்பு. அதே அமைப்போடு 2013-ல் ஜப்பானில் வந்த ஃபிட் ஹைப்ரிட்டை ஓராண்டு சொச்சத்தில் ஐந்து முறை திரும்ப அழைத்தார்கள். நிறுவனத் தலைவரே சம்பளத்தைக் குறைத்துக்கொண்டார்.

ஹைப்ரிட்டின் உழைப்பில் சந்தேகம் இல்லை, கணக்கில்தான் சந்தேகம். சாதாரண எஞ்சின் நகரத்தில் லிட்டருக்கு 15, ஹைப்ரிட் 22, பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பத்தாயிரம் கி.மீ.க்கு மிச்சம் சுமார் 21 ஆயிரம் ரூபாய். விலை வித்தியாசம் மூன்று லட்சம் என்றால் அதை மீட்கப் பதினான்கு ஆண்டுகள். ஆண்டுக்கு 25 ஆயிரம் கி.மீ. ஓட்டுபவருக்கு ஆறு ஆண்டுகளுக்குள் மீண்டுவிடும். அவர் தயங்காமல் வாங்கலாம். சிஎன்ஜிக்கும் இதே கணக்குதான். கூடுதலாக, டிக்கியில் சிலிண்டர் உட்காரும் என்பதையும், வீட்டுக்கு அருகில் சிஎன்ஜி நிலையம் உண்டா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் பற்றிய பயம் இப்போது எல்லோரிடமும் இருக்கிறது. 2021-ல் நிதி ஆயோக் வெளியிட்ட திட்ட அறிக்கையே, இ10-க்குச் சீரமைத்த பழைய கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்று ஒப்புக்கொள்கிறது. இ20-க்கு ஏற்பச் சீரமைத்தவற்றில் 1 முதல் 2 சதவீதம். 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான கார்களின் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்கள் இதைத் தாங்கும்படி அமைந்தவை. பழைய கார் வாங்குபவர்கள் பெட்ரோல் மூடியின் உள்பக்கத்தையும் கையேட்டையும் பார்த்துவிடுவது நல்லது.

கையேடு என்றதும் ஒரு விஷயம். பத்தாயிரம் கி.மீ.க்கு ஒருமுறை ஆயில் மாற்று என்ற வரியைப் படிப்பவர்கள், சில பக்கங்கள் தள்ளிச் சிறிய எழுத்தில் இருக்கும் ‘கடினப் பயன்பாடு’ என்ற அட்டவணையைப் படிப்பதில்லை. குறைந்த தூரப் பயணம், தூசி, நெரிசல், கடும் வெயில் இருந்தால் இடைவெளியைக் குறைக்கச் சொல்கிறது அது. தமிழ்நாட்டு நகரம் எதிலும் இந்த நான்கும் இருக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அல்லது ஐயாயிரத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்ற ஆகும் செலவு, குடும்பம் ஒருமுறை ஓட்டலுக்குப் போய் வரும் செலவைத் தாண்டாது. டர்போதான் வேண்டும் என்று மகன் ஒற்றைக்காலில் நிற்கும் வீடுகளில் இந்த ஒரு நிபந்தனையோடு சம்மதிக்கலாம்.

அட்வான்ஸ் கட்டும் முன் டெஸ்ட் டிரைவுக்குத் தனியாகப் போகாதீர்கள். குடும்பத்தில் நான்கு பேரையும் ஏற்றுங்கள், ஏசியை முழுதாக வையுங்கள், ஊரில் செங்குத்தான மேம்பாலம் எதுவோ அதில் ஏற்றிப் பாருங்கள். சாதாரண எஞ்சின் அதில் மூச்சுத் திணறாமல் ஏறினால் டர்போவுக்கு வைத்திருந்த பணத்தை நீட்டித்த உத்தரவாதத்துக்கும் நல்ல டயருக்கும் செலவிடுங்கள். திரும்பி வந்ததும் விற்பனைப் பிரதிநிதியை விட்டுவிட்டு, பின்பக்கம் இருக்கும் சர்வீஸ் பகுதிக்குப் போய், அங்கே ஐந்து வயதான இதே கார்கள் எதற்காக நிற்கின்றன என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள்.